சிறு நிறுவனத்துக்கு நல்ல ஆட்களைச் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மாதக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கும்போது உரிமையாளர்கள் என்னிடம் வரியைப் பற்றிப் பேசுவதைவிட, “நல்ல ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்பதே அதிகம். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்று பேர் முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. தொழிலாளர் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். சட்டம் குறுக்கிடும் இடங்களில் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உடனே ஓர் ஆளைப் போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் வருகிறவர் என்ன செய்யப் போகிறார் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டை அருகில் வைத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது, எது தினமும் தள்ளிப்போகிறது, எதில் தவறு நேர்ந்து மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது என்று குறித்துவாருங்கள். பில் போட ஆள் வேண்டும் என்று என்னிடம் சொன்ன ஒருவரின் நோட்டில், பில் போடும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கும் குறைவாகவே இருந்தது. வர வேண்டிய பாக்கியைக் கேட்டுத் தொலைபேசியில் பேசுவதிலேயே அவருடைய பிற்பகல் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. பில் போடுகிறவரிடம் எதிர்பார்க்கும் குணம் வேறு, கடன்காரரிடம் முகம் சுளிக்காமல் நான்கு முறை கேட்கிறவரிடம் எதிர்பார்க்கும் குணம் வேறு.

நோட்டு முடிந்ததும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, சேரும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டியவற்றை ஒரு பக்கமும், ஓரிரு மாதங்களில் நீங்களே கற்றுக்கொடுக்கக்கூடியவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் நான்கைந்துக்கு மேல் சேர்ந்துவிட்டால், அநேகமாக நீங்கள் இரண்டு பேருடைய வேலையை ஒருவர் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். கீழே பல பதில்களுக்கு அது தேவைப்படும்.

2. பெரிய நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்தை என்னால் கொடுக்க முடியாது. நல்ல ஆட்கள் என்னிடம் ஏன் வரப்போகிறார்கள்?

அந்த வேலைக்கு வழக்கமாகக் கிடைக்கும் சம்பளத்தைவிட வெகுவாகக் குறைத்துக் கொடுத்துவிட்டு, “இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்” என்று சொல்வதால் யாரும் தங்க மாட்டார்கள். அது நியாயமும் அல்ல. ஆகவே வழக்கமான சம்பளத்தையாவது எட்டிப்பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் முழுநேர ஆளுக்குப் பதிலாகப் பகுதிநேர ஆளை முறையான சம்பளத்தில் எடுப்பது மேல். அந்த அடித்தளம் அமைந்த பிறகு, பெரிய நிறுவனத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிய தடையாக இருக்காது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பொறியாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரிடம் அவர்கள் வேலையில் மிக மகிழ்ந்த தருணங்களையும் மிக வெறுத்த தருணங்களையும் கேட்டு, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். வெறுப்புக்குக் காரணமாக நிர்வாகமும் மேலதிகாரியும் சம்பளமும் வேலைச் சூழலும் முன்னே வந்தன. மகிழ்ச்சிக்குக் காரணமாக ஒன்றைச் சாதித்து முடித்ததும், பிறர் அதை மதித்ததும், வேலையின் தன்மையும், பொறுப்பு கிடைத்ததும் வந்தன. அவருடைய ஆய்வுமுறையைப் பின்னால் பலர் குறைகூறியிருக்கிறார்கள் என்றாலும், சிறு முதலாளிக்கு அதில் ஒரு பயன் உண்டு. இரண்டாவது பட்டியலில் உள்ளவை எல்லாம் உங்கள் கையில் இருப்பவை. பெரிய நிறுவனத்தில் ஒரு வேலையின் ஒரு துண்டை மட்டும் பார்ப்பவர், உங்களிடம் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கலாம். முடிவெடுப்பவரிடம் ஒரு யோசனையைக் காலையில் சொல்லி, மாலையில் அது நடைமுறைக்கு வருவதைக் காணலாம்.

இன்னொன்று, என் மேசையிலிருந்து பார்த்துச் சொல்வது. சம்பளத் தேதி மாதாமாதம் மாறும் இடங்களில், சம்பளம் பெறுவோரின் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும், சொன்ன தேதியில் சொன்ன தொகையைத் தவறாமல் கொடுக்கும் இடங்களில் அதே பெயர்களை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் தேதி பார்த்து வருகின்றன. சம்பளமும் அப்படி வந்தால்தான் ஒருவர் நிம்மதியாக வேலை செய்ய முடியும்.

3. விளம்பரத்தில் என்ன எழுதுவது? சம்பளத்தைப் போட்டே ஆக வேண்டுமா?

“துடிப்பும் நேர்மையும் கடின உழைப்பும் உள்ள ஆட்கள் தேவை. தகுதிக்கேற்ற சம்பளம்.” இப்படி எழுதினால் படிக்கிறவருக்கு எதுவுமே தெரியாது, தன்னைச் சோம்பேறி என்று யாரும் நினைப்பதில்லை என்பதால் எல்லோரும் விண்ணப்பிப்பார்கள், அல்லது யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். முதல் கேள்வியில் சொன்ன தாளைப் பார்த்து இப்படி எழுதுங்கள்: “எங்கள் கிடங்கில் ஐந்து பேர் இருக்கிறோம், ஆறாவதாக ஒருவர் வேண்டும். காலையில் வரும் சரக்கை எண்ணிச் சரிபார்த்துக் கணினியில் பதிய வேண்டும். பிற்பகலில் ஆர்டர்களைப் பிரித்துக் கட்ட வேண்டும். 20 கிலோ வரை தூக்க வேண்டியிருக்கும். நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. வாரம் ஒரு நாள் விடுமுறை. கணினியில் தட்டச்சு தெரிந்தால் போதும், மற்றவற்றை நாங்கள் கற்றுக்கொடுப்போம்.” இதைப் படிக்கிறவர் அந்தக் கிடங்கில் தன்னை வைத்துப் பார்க்க முடியும்.

சம்பளத்தைப் போடுங்கள். இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று போட்டால் போதும், ஆனால் கீழ்த்தொகையும் மேல்தொகையும் வெகு தூரத்தில் இருக்கக் கூடாது. சம்பளம் தெரியாமல் வந்து, மூன்று முறை நேர்காணலுக்கு அலைந்து, கடைசியில் தொகையைக் கேட்டு எழுந்து போகிறவரால் உங்களுக்கும் நாள் வீண், அவருக்கும் நாள் வீண். ஏற்கெனவே உங்களிடம் அதே வேலையைச் செய்பவர் அந்த விளம்பரத்தைப் படிப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். புதியவருக்குக் கூடுதலாகத் தரப்போகிறீர்கள் என்றால், பழையவருடைய சம்பளத்தை முதலில் சரிசெய்துவிட்டு விளம்பரம் கொடுங்கள்.

4. விளம்பரம் போட்டும் சரியான ஆட்கள் வருவதில்லை. வேறு எங்கே தேடுவது?

தெரிந்தவர்கள் மூலம் தேடுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் பெரும்பாலும் மிக நெருங்கியவர்களிடம் மட்டுமே சொல்லிவைக்கிறோம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எப்போதாவதுதான் சந்தித்திருந்தார்கள். காரணம் எளிது. நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்த ஆட்கள் நமக்கும் தெரிந்த ஆட்களே. புதிய ஆளைப் பற்றிய செய்தி வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வர முடியும்.

எனவே உங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர், இயந்திரம் பழுதுபார்க்க வருகிறவர், முன்பு உங்களிடம் நல்லபடியாக வேலை செய்து விலகியவர், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஆகியோரிடம் சொல்லிவையுங்கள். “நல்ல ஆள் வேண்டும்” என்று பொதுவாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எந்த முகமும் நினைவுக்கு வராது. “கணக்கு நோட்டை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் எழுதுகிற ஒருவர் வேண்டும்” என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் யார் மூலம் வந்தாலும் எல்லோருக்கும் ஒரே தேர்வுதான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

5. பத்து நிமிடம் பேசினாலே ஆளைக் கணித்துவிடுவேன். எதற்கு இத்தனை முறைகள்?

இப்படிச் சொல்கிற பலரை எனக்குத் தெரியும். அவர்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள் என்பதும் உண்மை. ஆனால் நினைத்தபடி பேசிப் பார்த்து ஆளை எடுப்பது பலவீனமான முறை என்பதை நீண்ட கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டி ஷ்மிட், ஹண்டர் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 1998-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தேர்வு முறையின் மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் அந்த நபர் வேலை செய்யும் தரத்துக்கும் உள்ள தொடர்பை, தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்று வைத்துக்கொண்டால், கேள்விகளை முன்பே வகுத்துக்கொண்டு நடத்தும் நேர்காணலுக்கு 0.51-உம், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலுக்கு 0.38-உம் கிடைத்தன. சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் இதே கணக்கைத் திருத்திப் போட்டபோது இரண்டுமே குறைந்தன; முன்னது 0.42 ஆயிற்று, பின்னது 0.19-க்கு இறங்கியது. அதாவது இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் அதிகமாயிற்று.

முதல் சில நிமிடங்களில் ஒருவருடைய தோற்றமோ பேச்சோ நமக்குப் பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் அந்த வெளிச்சத்திலேயே தெரியும். உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே இதை எழுதினார்: இராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களுக்கு மதிப்பெண் போட்டபோது, உடற்கட்டு, அறிவு, தலைமை, குணம் என்று தனித்தனியே போட வேண்டியவை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. தாளின் முதல் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியாக ஐந்தாறு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். “கோபக்கார வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?” என்றால் அழகான பதில் கிடைக்கும். “கடைசியாக உங்களிடம் கோபப்பட்டவர் யார்? என்ன நடந்தது? அடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் நடந்தது வெளியே வரும். அவர் எழுந்து போனதும், வேறு யாரிடமும் பேசுவதற்கு முன், ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட்டுவிடுங்கள். மாலையில் மொத்தமாகப் போட நினைத்தால், கடைசியாக வந்தவர் மட்டுமே தெளிவாக நினைவில் இருப்பார்.

6. வேலையைச் செய்து காட்டச் சொல்லலாமா? சோதிக்கிறேன் என்று தவறாக நினைக்க மாட்டார்களா?

தாராளமாகச் சொல்லலாம், முன்பே அறிவித்துவிட்டு. நேர்காணலைவிட நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஒரு சிறு அச்சகத்தின் அலுவலக வேலைக்கு வந்த மூன்று பேரிடமும் உரிமையாளர் பத்து பில்களைக் கொடுத்து ஒரு பட்டியலாக்கித் தரச் சொன்னார். நானும் உடன் இருந்தேன். அவற்றில் ஒரு பில்லில் கூட்டுத்தொகை தவறு, இன்னொன்று ஏற்கெனவே உள்ள பில்லின் நகல். முதலாமவர் மிக வேகமாக, அழகாகப் பட்டியலிட்டார். தவறும் அப்படியே பட்டியலில் ஏறியது. இரண்டாமவர் கூட்டலைத் திருத்திவிட்டார், ஆனால் திருத்தியதைச் சொல்லவில்லை. மூன்றாமவர் பாதியில் எழுந்துவந்து, “இந்த இரண்டு பில்லும் ஒரே எண்ணாக இருக்கிறதே, ஒன்றை எடுத்துவிடவா, தனியாகக் குறித்து வைக்கவா?” என்று கேட்டார். நேர்காணலில் மிகக் குறைவாகப் பேசியவர் அவர்தான். அவரையே எடுத்தார்கள்.

சோதனை வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அரை நாள் அல்லது ஒரு நாள் தேவை என்றால் அதற்கான கூலியைக் கொடுங்கள். உண்மையான வாடிக்கையாளரின் வேலையை இலவசமாக முடித்துக்கொள்ள இதைப் பயன்படுத்துவது தவறு. வந்தவர் அதை உடனே புரிந்துகொள்வார், நான்கு பேரிடம் சொல்லவும் செய்வார்.

7. அனுபவசாலியை எடுப்பதா, புதியவரை எடுத்துப் பழக்குவதா?

ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்தாம் பதிலில் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கணக்கில், அனுபவ ஆண்டுகளுக்குக் கிடைத்தது 0.18 மட்டுமே. பத்து ஆண்டு அனுபவம் என்பது சிலருக்கு ஓராண்டு அனுபவத்தைப் பத்து முறை திரும்பச் செய்ததாக இருக்கும். தாளின் முதல் பக்கம் நீளமாக இருந்து, கற்றுக்கொடுக்க உங்களுக்கு நேரமும் இல்லை என்றால் அனுபவசாலி வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் அதே சோதனை வேலையைக் கொடுத்து, அதில் தெரிவதைப் பாருங்கள்.

8. முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்தால் உண்மையைச் சொல்வார்களா?

பொதுவாகக் கேட்டால் “நல்ல பையன்” என்ற அளவில் முடிந்துவிடும். அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு காலம், எந்த வேலையில் அவருக்குத் துணை தேவைப்பட்டது, மீண்டும் இடம் காலியானால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்தையும் கவனியுங்கள். ஆனால் ஒரே ஒரு முதலாளியின் மனக்கசப்பை வைத்து ஒருவரைத் தள்ளிவிடாமல், இன்னோர் இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பித்தவரின் அனுமதி இல்லாமல், அவர் இப்போது வேலை செய்யும் இடத்தில் மட்டும் விசாரிக்கவே கூடாது. உங்கள் ஒரு தொலைபேசி அழைப்பால் அவருடைய இப்போதைய வேலை போய்விடலாம்.

9. திருமணம் ஆகிவிட்டதா, குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லதுதானே?

கேட்காதீர்கள். பல நாடுகளில் இத்தகைய கேள்விகள் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அதற்கும் மேலாக, அவை வேலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், ஆண், பெண் எல்லோரிடமும் அதையே நேராகக் கேளுங்கள்.

பெயரைப் பார்த்தே நம் மனம் முடிவெடுத்துவிடுகிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பெர்ட்ரண்ட், முல்லைநாதன் ஆகிய பொருளியலாளர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வெளிவந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தரத்திலான விண்ணப்பங்களில், வெள்ளையர் பெயராகத் தோன்றிய பெயர்கள் இருந்தவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றைவிட 50 விழுக்காடு அதிகமாக அழைப்புகள் வந்தன. அழைத்தவர்களில் பலர் தாம் பாகுபாடு காட்டியதாக நினைத்திருக்கவே மாட்டார்கள் என்று கருதுகிறேன். பயோடேட்டாக்களை முதலில் பிரிக்கும்போது, பெயரையும் படத்தையும் மறைத்துத் தரும்படி வேறொருவரிடம் சொல்லுங்கள். நல்ல ஆட்கள் குறைவு என்று வருந்தும் நாமே அவர்களில் சிலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

10. வேலையின் கஷ்டங்களை முன்பே சொன்னால் ஓடிவிட மாட்டார்களா?

சிலர் போவார்கள்; அவர்கள் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் போயிருக்க வேண்டியவர்கள். ஆய்வாளர் ஜான் வானஸ் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி இணைப்பக வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான விளம்பரப் படத்தையும், இன்னொரு பகுதியினருக்கு அந்த வேலையின் சலிப்பையும் கண்காணிப்பையும் உள்ளபடி காட்டும் படத்தையும் போட்டுக் காட்டினார்கள். உள்ளதைப் பார்த்துச் சேர்ந்தவர்களுக்கு எதிர்பார்ப்பு குறைவாக இருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் குறைவாக இருந்தது. உங்களுக்குப் படம் எடுக்கத் தேவையில்லை. வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் அவரை வரச் சொல்லி, அரை மணி நேரம் நிற்க வைத்து, அங்கே வேலை செய்கிறவரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

11. ஆள் பிடித்திருக்கிறது. உடனே சொல்வதா, இன்னும் சிலரைப் பார்ப்பதா?

மதிப்பெண் தெளிவாக இருந்தால் அன்றோ மறுநாளோ சொல்லிவிடுங்கள். பெரிய நிறுவனத்தில் ஐந்து பேர் கையெழுத்திட்ட பிறகே பதில் போகும்; உங்களிடம் ஒரே கையெழுத்து. சம்பளம், நேரம், விடுமுறை, தகுதிகாண் காலம், சேரும் நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி நியமனக் கடிதமாகக் கொடுங்கள். தேர்வாகாதவர்களுக்கும் இரண்டு வரியில் தெரிவித்துவிடுங்கள். காத்திருப்பது எப்படிப்பட்டது என்பது வேலை தேடியவர்களுக்குத் தெரியும்.

12. உறவினர் தன் மகனுக்கு வேலை கேட்கிறார். எப்படி மறுப்பது?

மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். “வரச் சொல்லுங்கள் அண்ணா, எல்லோருக்கும் ஒரு சோதனை வேலை வைத்திருக்கிறேன், அவனும் செய்து காட்டட்டும்” என்று சொல்லுங்கள். நன்றாகச் செய்தால் உறவு என்பதற்காக அவனை ஒதுக்கவும் கூடாது. ஆனால் எடுப்பதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: நாளை அவன் தவறு செய்தால் மற்றவர்களைக் கண்டிப்பதைப் போல உங்களால் கண்டிக்க முடியுமா? முடியாது என்றால், மற்றவர்கள் அதை முதல் மாதத்திலேயே கண்டுகொள்வார்கள். உங்களிடம் உள்ள திறமையான ஆள் சொல்லாமல் வேறு வேலை தேடத் தொடங்குவது அப்போதுதான்.

13. சேர்ந்த இரண்டு மாதத்தில் போய்விடுகிறார்கள். தேர்வு செய்ததில் தவறா?

இருக்கலாம். ஆனால் முதல் வாரத்தையும் பாருங்கள். முதல் நாள் காலையில் வந்தவருக்கு உட்கார இடமில்லை, கணினிக்குக் கடவுச்சொல் இல்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றால், அவர் வீட்டுக்குப் போய் அன்றிரவே என்ன சொல்வார்? முதல் கேள்வியில் எழுதிய தாளின் இரண்டாம் பக்கம், கற்றுக்கொடுப்பதாக நீங்களே ஏற்றுக்கொண்டவை. ஒவ்வொன்றையும் யார், எந்த வாரத்தில் கற்றுக்கொடுப்பது என்று எதிரே எழுதி, அந்தப் பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். முதல் மாதம் முழுவதும் வாரம் ஒரு முறை கால் மணி நேரம் உட்கார்ந்து, எது புரியவில்லை என்று கேளுங்கள்.

அப்படிச் செய்தும் ஒருவருக்கு வேலை வரவில்லை என்றால், எந்த வேலை எந்த அளவுக்கு வர வேண்டும் என்பதைத் தேதியோடு எழுத்தில் சொல்லுங்கள். அந்தத் தேதியிலும் மாற்றம் இல்லை என்றால், தகுதிகாண் காலம் முடிவதற்குள், சட்டப்படி சேர வேண்டியதைக் கொடுத்து, மற்றவர்கள் முன்னிலையில் அல்லாமல் தனியாகப் பேசி அனுப்புங்கள்.

14. கெட்டிக்காரரை எடுத்துத் தொழிலைக் கற்றுக்கொடுத்தால், நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிட மாட்டாரா?

போடலாம். அந்த அச்சத்தால் சுமாரான ஆட்களாகவே எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன். எல்லா வேலையையும் தாமே செய்து, ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் கடையைப் பூட்டுகிறவர்கள் அவர்கள். போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் சில இடங்களில் செல்லவே செல்லாது, வேறு சில இடங்களில் கடுமையான வரம்புகளோடுதான் செல்லும்; அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை, கடன் நிலுவை ஆகியவை யாருடைய கைப்பேசியிலும் இல்லாமல் நிறுவனத்தின் பதிவில் இருக்கட்டும். முக்கியமான வாடிக்கையாளர்களிடம் இரண்டு பேராவது பழகட்டும்; அவர்களில் ஒருவராக நீங்கள் இருங்கள். கெட்டிக்காரரிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று மனம்விட்டுக் கேளுங்கள். ஒரு பிரிவின் பொறுப்பையும் லாபத்தில் ஒரு பங்கையும் கொடுக்க முடியுமானால், அவர் வெளியே போக முடிவெடுத்த பிறகு அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே எழுத்தில் கொடுங்கள்.